தினமும் வரும் டென்ஷன்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் மோட்டார் போட மறந்தாயிற்று. மின்சார ரயில் கண் முன்னால் கிளம்பிப் போய்விட்டது. ஆபீஸில் ஒருவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ராத்திரி பையனின் கணக்கு நோட்டைத் திறந்தால் அங்கேயும் சிவப்பு மை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. ஆனால் ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரும்போது கழுத்து இறுகிக் கிடக்கிறது, யாராவது "உப்பு எங்கே" என்று கேட்டால்கூடக் கோபம் வருகிறது. இந்தப் பக்கம் இந்த மாதிரி அன்றாட அழுத்தத்தைப் பற்றியது. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பதும் கடைசியில் இருக்கிறது. அவசரம் என்றால் நேரே அங்கே போய்விடுங்கள்.

இது எல்லோருக்கும் இருப்பதுதானே? இதைத் தனியாகக் கவனிக்க வேண்டுமா?

எல்லோருக்கும் இருப்பதுதான். அழுத்தம் வருவதே கெடுதல் என்றும் இல்லை. எதிரே பேருந்து வந்தால் உங்களைத் துள்ளி ஒதுங்க வைப்பதும் இதே ஏற்பாடுதான். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1910-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில், சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் பின்னுக்குப் போகிறது. சண்டை போடு, இல்லையென்றால் ஓடு என்று உடம்பு தயாராகிவிடுகிறது. அட்ரினலின் சீக்கிரம் வடிந்துவிடும். பின்னாலேயே வரும் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவாக ஏறி மெதுவாகத்தான் இறங்கும்.

ஏறுவதில் சிக்கல் இல்லை. இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். மாதக்கணக்கில் இப்படியே போனால் தூக்கம் கெடும், வயிறு கெடும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அவை கட்டுக்குள் நிற்காது. எனவே அழுத்தமே இல்லாத வாழ்க்கையைத் தேட வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை உடம்பு முழுசாகக் கீழே இறங்க வழி செய்துகொண்டால் போதும்.

ஹாரன், மெட்ரோ வேலை, நெரிசல். இந்த ஊரில் இருந்துகொண்டு அமைதி எப்படி முடியும்?

அமைதி கிடைக்கிறதோ இல்லையோ, பிடி கிடைக்கும். 1970-களின் தொடக்கத்தில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சத்தத்தை வைத்துச் சில பரிசோதனைகள் செய்தார்கள். இரண்டு குழுவினருக்கும் ஒரே மாதிரி, எப்போது வரும் என்று தெரியாத இரைச்சல். ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்" என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கொடுத்த வேலைகளில் பொத்தான் இருந்தவர்கள் கூடுதல் பொறுமையோடு உட்கார்ந்தார்கள், பிழைகளும் குறைவாகச் செய்தார்கள். இரு குழுவினரும் கேட்டது ஒரே சத்தம்தான்.

அழுத்தத்தைப் பற்றி எவ்வளவோ ஆலோசனைகள் சுற்றுகின்றன. என் கணக்கில் இந்த ஒன்று மற்ற பாதிக்குச் சமம். நிலைமையை மாற்ற முடியாவிட்டாலும், அதில் நம் கைக்கு எட்டும் ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பாருங்கள். கீழே வரும் பல பதில்கள் இதைச் சுற்றியே இருக்கும்.

ஓ.எம்.ஆரில் தினமும் போக வரவே மூன்று மணி நேரம். என்ன செய்வது?

சாயங்காலம் ஆறரை மணி, மத்திய கைலாஷ் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால். பேருந்து நகரவில்லை. ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கையில் போன். மேப்பில் சிவப்புக் கோட்டைப் பார்க்கிறீர்கள், மூடுகிறீர்கள், அரை நிமிடத்தில் மறுபடி திறக்கிறீர்கள். இப்போது உங்கள் தோளைக் கவனித்தால் அது காதுப் பக்கம் ஏறியிருக்கும். பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும்.

முதலில் அந்த மேப்பை விடுங்கள். பார்ப்பதால் வண்டி நகராது; ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் உடம்பு புதிதாக ஒருமுறை ஏமாறுகிறது. வீட்டுக்கு "எட்டு மணி ஆகும்" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். நிஜமாக ஏழே முக்காலுக்கு வருவீர்கள் என்றாலும் எட்டு என்றே சொல்லுங்கள். அப்புறம் நாக்கை மேலண்ணத்திலிருந்து தளர விடுங்கள், தாடை தானாக இறங்கும், தோளும் பின்னாலேயே இறங்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஒருமுறை செய்து பாருங்கள். கூட்டத்தில் கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்ல மாட்டேன், பாக்கெட்டை யார் பார்த்துக்கொள்வது?

அடுத்து, பயணத்தில் எதையெல்லாம் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும் என்று பாருங்கள். அரைமணி முன்னால் கிளம்பி ஆபீஸ் கேன்டீனில் நிதானமாக டிபன் சாப்பிடுவது ஒன்று. வேளச்சேரி பறக்கும் ரயிலோ மெட்ரோவோ பாதி வழிக்காவது ஒத்துவந்தால், மொத்த நேரம் பத்து நிமிடம் கூடினாலும் அதையே எடுப்பது இன்னொன்று. நேரம் கூடும்தான், ஆனால் எப்போது போய்ச் சேர்வோம் என்பது தெரியும். மனசு அதிகம் அலைவது தாமதத்தால் அல்ல, எவ்வளவு தாமதம் என்று தெரியாததால்.

மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும், காரணமும் எளிது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாகக் கூடும், விடும்போது லேசாகக் குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பின் வேலை இது. விடும் மூச்சை நீட்டினால் துடிப்பு குறையும் பக்கம் அதிக நேரம் கிடைக்கிறது. மனதில் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு வகையும் உண்டு. மூக்கால் ஒருமுறை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. அழுது முடித்த குழந்தை தானாகவே இப்படித்தான் மூச்சு விடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தினம் ஐந்து நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களுக்கு மனநிலை நன்றாக மேம்பட்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை: டூவீலரில் லாரிப் புகைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆழமாக மூச்சிழுக்க வேண்டாம். தலைசுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

நான் வேலைக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறேன். "உனக்கென்ன டென்ஷன்?" என்கிறார்கள்.

இப்படிக் கேட்பவரை ஒருநாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை அடுப்படியில் நிற்கச் சொல்லுங்கள். பால் பாக்கெட் எடுத்து வைத்தாயிற்றா, மோட்டார் ஓடுகிறது, டேங்க் நிரம்பி வழிவதற்குள் நிறுத்த வேண்டும், குக்கர் மூன்றாவது விசிலா நான்காவதா, சின்னவளுக்கு இன்று தயிர்சாதம் வேண்டாமாம், மாமனாருக்கு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஏழு இருபதுக்கு வேன் ஹாரன். கை செய்யும் வேலையைவிட மண்டைக்குள் ஓடும் இந்தப் பட்டியல்தான் ஆளைக் களைக்க வைக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் "உனக்கென்ன" என்ற கேள்வி வருகிறது.

"என்ன வேண்டும் என்று சொல்லு, செய்கிறேன்" என்பது உதவி என்று நிறைய ஆண்கள் நம்புகிறார்கள். சொல்வதற்காக ஞாபகம் வைத்துக்கொள்வது யார்? ஒரு வேலையைக் கொடுப்பதாக இருந்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் கேன் அவர் பொறுப்பு என்றால், தீரப் போகிறதா என்று பார்ப்பது, போன் செய்வது, காசு எடுத்து வைப்பது எல்லாம் அவருடையது. கேஸ் புக்கிங், ஸ்கூல் ஃபீஸ் தேதி, பெரியவர்களின் மாத்திரை வாங்குவது, இவற்றில் ஏதாவது இரண்டை இப்படிக் கைமாற்றிப் பாருங்கள். ஒருமுறை கேன் தீர்ந்துபோகும். போகட்டும். அன்று நீங்கள் ஓடிப்போய் வாங்கிவந்தால் அந்த வேலை மறுபடி உங்களிடமே வந்துவிடும்.

வேன் போன பிறகு பாத்திரம் தேய்க்கும் முன்னால் பத்து நிமிடம் உட்காருங்கள். சூடான காபியைச் சூடாகவே குடியுங்கள். வேலை முடித்துவிட்டு ஓய்வெடுக்கலாம் என்றால் வீட்டு வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது.

ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் மெசேஜ் அனுப்புகிறார். அமெரிக்கா கால் வேறு.

கால் இருக்கும் நாட்களை ஒன்றும் செய்ய முடியாது. இல்லாத நாட்களையாவது காப்பாற்றலாம். "ஒன்பதரைக்கு மேல் வரும் மெசேஜைக் காலையில் பார்த்துவிடுகிறேன் சார், அவசரம் என்றால் போன் செய்யுங்கள்" என்று சாதாரணக் குரலில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் போன் வராது. அவருக்கும் தோன்றியதை மறப்பதற்குள் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லவே முடியாத இடமும் உண்டு என்பது தெரியும். அங்கே நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்துவிட்டு, நீங்களாக ஒருமுறை திறந்து பாருங்கள். அதுவாக வந்து இழுப்பதற்கும் நாமாகப் போய்ப் பார்ப்பதற்கும் உடம்பில் வித்தியாசம் தெரியும். அபார்ட்மென்ட் குரூப், குடும்ப குரூப், பள்ளிக்கூட குரூப் எல்லாவற்றையும் மியூட் செய்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

வீட்டிலிருந்தே வேலை என்றால், முடித்ததும் லேப்டாப்பைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு குளியல், உடை மாற்றம், தெருமுனை வரை ஒரு நடை. வேலை முடிந்தது என்பது உடம்புக்கும் தெரிய வேண்டும்.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. காலும் வலிக்கிறது, மனசும் வலிக்கிறது.

இதற்கு மூச்சுப் பயிற்சியைச் சொல்வது அநியாயம், நாற்காலிதான் மருந்து. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி செய்ய வேண்டும், வேலைநேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது இப்போது சட்டம். ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் வேலை பார்க்கும் எத்தனையோ பேருக்கு இது இன்னும் காதில் விழவில்லை. தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். தொழிலாளர் துறையிடமும் புகார் கொடுக்கலாம்.

அதுவரை, வாடிக்கையாளர் இல்லாத இடைவெளியில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வீட்டுக்குப் போனதும் காலைச் சுவரோரம் உயர்த்திப் பத்து நிமிடம் படுங்கள்.

காபியை விட வேண்டுமா?

மயிலாப்பூர்க்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு உயிரோடு திரும்ப முடியாது. விட வேண்டாம், நேரத்தை மட்டும் பாருங்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து போவதற்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். ஐந்து மணிக் காபியில் பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசினை அது தடுத்து நிறுத்திவிடுகிறது, தூக்கம் வருவது தள்ளிப்போகிறது. மதியம் இரண்டு மூன்று மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டீயிலும் காஃபீன் உண்டு. படபடப்பு வரும் ஆட்களுக்கு வெறும் வயிற்றில் ஸ்டிராங் காபி ஒத்துக்கொள்ளாது.

படுத்தால்தான் எல்லா யோசனையும் வருகிறது. தூக்கமே இல்லை.

பகலில் யோசிக்க இடம் கொடுக்காததை எல்லாம் மனசு ராத்திரிக்குத் தள்ளிவைக்கிறது. அதற்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்குவது ஒரு வழி. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1980-களில் சோதித்துப் பார்த்த முறை இது. சாயங்காலம், படுக்கையறைக்கு வெளியே, தினமும் ஒரே நேரத்தில் அரைமணி. கவலைப்படுவதற்கென்றே அந்த நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "ஏழு மணிக்குப் பார்ப்போம்" என்று தள்ளிவைப்பது.

அரைமணி அதிகம் என்றால் பதினைந்து நிமிடம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் கவலை: "அம்மாவின் ஸ்கேன் ரிசல்ட்". வலது பக்கம் நாளை செய்யக்கூடிய ஒரு வேலை: "பதினோரு மணிக்கு லேபுக்குப் போன்". வலது பக்கம் எழுத ஒன்றுமே இல்லை என்றால் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடம், இதில் இன்றைக்கு நாம் செய்ய ஒன்றுமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடும். ராத்திரி அதே யோசனை வந்தால் "எழுதி வைத்தாயிற்று" என்று சொல்லிக்கொள்ளலாம்.

கோடையில் வெப்பமும் ஒரு காரணம். தூங்க ஆரம்பிக்க உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில், பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடிக்கு நேர்கீழே படுப்பவர்களுக்கு அது எங்கே இறங்கும்? படுக்கும் முன் வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் குளியல், பருத்தி விரிப்பு, குறுக்குக் காற்றுக்கு இரண்டு ஜன்னல். ஏ.சி. உள்ள ஒரே அறையில் எல்லோரும் பாய் போட்டுப் படுப்பது நல்ல தீர்வுதான், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு அறையில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். போனை மட்டும் எடுக்காதீர்கள்.

மழை என்றாலே நெஞ்சு படபடக்கிறது. 2015-க்குப் பிறகு இப்படித்தான்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது இயல்பு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு மேல் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேறு. அக்டோபர் வந்தாலே பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் பலருக்குத் தூக்கம் மெலிந்துவிடும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது சரியான வைத்தியமாகத்தான் தெரிந்தது. மழையை நிறுத்த முடியாது, காரை மேட்டில் ஏற்றலாம். முன்னால் சொன்ன பொத்தான் இதுதான். ஆதார், பத்திரம், சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் பரண்மேல், ஒரு வாரத்துக்கான மாத்திரை, பவர் பேங்க், மேல்மாடி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. செப்டம்பரிலேயே செய்து முடித்துவிடுங்கள்.

செய்திக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பாருங்கள். ஏரி உடைந்துவிட்டது என்று குரூப்பில் வரும் குரல் பதிவுகளை ஃபார்வர்டு செய்யாதீர்கள், கேட்கவும் வேண்டாம்.

கடன்தான் பிரச்சினை. மனசை ரிலாக்ஸ் செய்தால் ஈ.எம்.ஐ. குறையுமா?

குறையாது. பணக் கவலைக்குத் தியானம் பதில் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லாக் கடனையும் ஒரே தாளில், வட்டி விகிதத்தோடு எழுதி, வீட்டில் இன்னொருவருக்குக் காட்டுங்கள். ரகசியமாகச் சுமக்கும் கடன்தான் ஆளை அதிகம் சாப்பிடுகிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மோசடிக் கடன் ஆப்பில் சிக்கியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. போட்டோவை மாற்றி மிரட்டுவது அவர்களின் வழக்கமான உத்தி. அவமானம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

நடைப்பயிற்சி, யோகா, ஜிம். எது நல்லது?

எதை மூன்று மாதம் கழித்தும் செய்துகொண்டிருப்பீர்களோ அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி. நாளைக்குப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்தாலும் கணக்கில் சேரும். பெசன்ட் நகர் கடற்கரையோ நாகேஸ்வர ராவ் பூங்காவோ பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மொட்டை மாடி. கடற்காற்று வந்த பிறகு மாலை ஐந்தரைக்கு மேல் மாடி நன்றாகவே இருக்கும். நடக்கும்போது போனில் ஆபீஸ் விஷயம் பேசினால் அது நடைப்பயிற்சி ஆகாது, நடமாடும் மீட்டிங்.

ஒரு பெக், ஒரு சிகரெட், கொஞ்சம் ரிலாக்ஸ். தப்பா?

மது தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தை உடைக்கும். மறுநாள் படபடப்பு கூடும். சிகரெட் தரும் நிம்மதியில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் உண்டாக்கிய ஏக்கம் தீர்வதுதான். டென்ஷனுக்காகக் குடிப்பது வாரத்தில் பல நாள் ஆகிவிட்டால் அதற்கே தனியாக உதவி தேவை.

மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கலாமா? அமுக்கரா சூரணம்?

அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, பக்கத்து வீட்டு மாமியிடம் வாங்கிப் போடவும் கூடாது. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, அழுத்தத்தைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. கல்லீரல் பாதிப்பு வந்தவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள், தைராய்டு, கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் தாங்களாக எடுக்க வேண்டாம். அரசு சித்த மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

மகள் பிளஸ் டூ. அவளைவிட எங்களுக்குத்தான் டென்ஷன்.

அது அவளுக்கும் தெரியும், அதுவும் சேர்ந்துதான் அவளை அழுத்துகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் "டெஸ்ட் எப்படி?" என்று கேட்காமல் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். ராத்திரி விழித்துப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

முடி கொட்டுகிறது. டென்ஷனாலா?

இருக்கலாம். பெரிய அழுத்தமோ காய்ச்சலோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்தாகக் கொட்டும். அதனால் இந்த வாரத்துக் கவலையைக் குற்றம் சொல்லாமல் மூன்று மாதம் பின்னால் யோசியுங்கள். பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். ரத்தசோகையும் தைராய்டும் இல்லை என்று ஒரு பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நெஞ்சு இறுக்குகிறது. டென்ஷன் என்று விடலாமா?

விடக் கூடாது. நெஞ்சுவலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் உடனே 108. டென்ஷனா கேஸா என்பதை ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லட்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்? யாரிடம் பேசுவது?

இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் மனம் கனத்துக் கிடக்கிறது, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வேலைக்கோ சமையலுக்கோ எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் இது அன்றாட டென்ஷனைத் தாண்டிவிட்டது. சிகிச்சை இருக்கிறது, பலனும் இருக்கிறது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் லேசாக வந்தாலும் காத்திருக்க வேண்டாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் "பைத்தியம் மாதிரிப் பேசாதே" என்று அடக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று அவரைத் தனியாகவும் விடாதீர்கள்.

மனநல மருத்துவரிடம் போனால் நிறையச் செலவாகுமே? அரசு மருத்துவமனையில் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது, அங்கே தினமும் எத்தனையோ சாதாரணக் குடும்பத்தினர் வந்து மருந்து வாங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டிய காலம் போய்விட்டது. தனியார் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், மனநலச் சிகிச்சைக்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது; உங்கள் பாலிசியில் பாருங்கள்.

காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும், சர்க்கரை, தைராய்டு பரிசோதனை எடுத்திருந்தால் அந்தத் தாள்களையும் கொண்டுபோங்கள். எத்தனை நாளாக, எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, எதனால் கூடுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டால் நல்லது. வரிசை நீளம், மருத்துவரிடம் கிடைப்பது சில நிமிடம்தான், அதில் பாதி தயங்கியே போய்விடும். துணைக்கு ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. ஆனால் தனியாகச் சொல்ல வேண்டியது இருந்தால் "இவர் கொஞ்சம் வெளியே இருக்கட்டும் டாக்டர்" என்று தயங்காமல் கேட்கலாம்.